பதினாலாவது கையெழுத்து

உங்க டோக்கன் எத்தனை சார்? நூத்தி நாப்பத்தி ரெண்டா? நான் நூத்தி நாப்பத்தொண்ணு. இப்பத்தான் எம்பதைக் கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமைன்னா மாவட்டமே மனுவோட இங்கதான் கிடக்கு. உக்காருங்க. அந்த ஃபேனுக்குக் கீழ வேண்டாம், அது சும்மா சுத்தும், காத்து வராது. இப்படித் தள்ளிக்கங்க. முப்பத்தஞ்சு வருசம் இ.பி.யில லைன் இன்ஸ்பெக்டரா இருந்தவன், எந்த ஃபேன் காத்து குடுக்கும்னு பாத்தாலே சொல்லிடுவேன்.

மனு யார் பேர்ல சார்? உங்க வீட்டம்மா பேர்லயா? அவங்க அப்பா குடுத்த இடம், பட்டா மாறலை, அவ்வளவுதானே. சரி, உள்ள போனதும் நீங்களே பேசிடுங்க. அவங்களைப் பேச விட்டா கோர்வையா வராது, கலெக்டர் ஆளுக்கு ரெண்டு நிமிசம்தான் குடுப்பாரு. தப்பா எடுத்துக்காதீங்கம்மா, பொதுவாச் சொன்னேன்.

நானா? எங்க வார்டு கவுன்சிலர் பதவியைப் பறிக்கணும்னு மனு குடுக்க வந்திருக்கேன். ஜெயக்கொடின்னு பேரு. நியாயமாப் பாத்தா எங்க நகராட்சி சேர்மன் குலசேகரன் மேலதான் நான் குடுக்கணும். அவன் எனக்குப் பகையாளி. பகையாளின்னு தெரிஞ்சவன் செய்யறதைத் தாங்கிக்கலாம் சார். கூட நின்ன ஆளு காலை வாரினா எப்படித் தாங்கறது? சொல்றேன் கேளுங்க, நேரம்தான் கிடக்கே.

எனக்கு ஒரே பொண்ணு. மங்கையர்க்கரசி. எங்கம்மா பேரை வச்சேன். வீட்ல அரசி. போன வருசம் முழுகாம இருந்தா. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். மாப்பிள்ளை வீட்ல சொன்னாங்க, இங்க பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, இங்கயே இருக்கட்டுமேன்னு. நான்தான் ஒத்துக்கலை. தலைப்பிரசவம் அப்பன் வீட்லதான், முறைன்னா முறைன்னு பிடிவாதமாக் கூட்டிட்டு வந்தேன். அதை விடுங்க.

எங்க தெருவுல குடிதண்ணிக் குழாயும் சாக்கடையும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணாத்தான் போகும். குழாய் துருப்பிடிச்சு அங்கங்க ஓட்டை. புதுக் குழாய் வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒன்றரை வருசமாக் கிடந்துச்சு சார். அதுக்குள்ள நாய் குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வளந்து போயிடுச்சு. குலசேகரனோட கல்யாண மண்டபம் இருக்கற தெருவுக்கு மட்டும் ஒரே வாரத்துல பதிச்சாங்க. அஞ்சு தடவை மனு குடுத்தேன். அஞ்சாவது தடவை அவன் என்னைப் பாத்துச் சொன்னான், தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கய்யா, இதுக்கெல்லாமா நகராட்சிக்கு வருவாங்கன்னு. காய்ச்சித்தான் குடிச்சோம். பல் விளக்க, வாய் கொப்பளிக்கக் கூடவா காய்ச்சுவாங்க? எந்த வீட்லயாவது நடக்குமா?

மஞ்சக்காமாலை வந்துச்சு. சாதாரண ஆளுக்கு வந்தா பத்தியம் இருந்து எந்திரிச்சுடுவாங்களாம், புள்ளத்தாச்சிக்கு வந்தா அப்படியில்லைன்னு டாக்டர் சொன்னாரு. ஒம்பது நாள். ஒம்பதாவது நாள் காலையில நான் குழாய்த் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு நகராட்சிக்குப் போனேன். மஞ்சளா, அடியில வண்டல் தங்கி, மூக்குக்கிட்டக் கொண்டு போக முடியலை. இதை நீ குடிடான்னு அவன் மேசையில வைக்கத்தான் போனேன். சேர்மன் மீட்டிங்ல இருக்காருன்னு ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்கார வச்சாங்க. பாட்டிலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஃபோன் வருது. ஜெயக்கொடிதான் பண்ணுச்சு. அந்தம்மா ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரி கூட இருந்துச்சு. ஒம்பது நாளும் இருந்துச்சுன்னு வைங்க. "அண்ணே, சீக்கிரம் வாங்க"ன்னுச்சு. நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. பிள்ளையும் தங்கலை.

மறுநாள் குலசேகரன் மாலையோட வந்தான் சார். ஆளுயர மாலை. பின்னால ஃபோட்டோ பிடிக்க ஒரு ஆளு.

அவன் போனப்புறம் நான் அழலை. எல்லாரும் அழுங்க அழுங்கன்னாங்க, நெஞ்சுல தங்கிடும்னாங்க. நான் நகராட்சிச் சட்டப் புத்தகம் வாங்கிட்டு வந்து உக்காந்தேன். சேர்மனை நாம நேரா இறக்க முடியாது. ஆனா நாம ஓட்டுப் போட்டு அனுப்பின கவுன்சிலருங்க இறக்கலாம். பாதிக்கு மேல கையெழுத்துப் போட்டு, இவர் மேல எங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னு நோட்டீஸ் குடுத்தா, கூட்டம் கூட்டணும், ஓட்டெடுக்கணும், தோத்தா எந்திரிச்சுப் போகணும். அதைப் படிச்ச அன்னிக்குத்தான் சார் நான் ஒழுங்காச் சாப்பிட்டேன். கருகின ஃபியூஸைக் கம்பத்துல வச்சுக்கிட்டுத் தெருவே இருட்டுல கிடக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லலை. பிடுங்கிப் போட வழி இருக்கு. பிடுங்கற கைதான் வேணும்.

நூறு ஆயிடுச்சா? இன்னும் நாப்பது பேரு. இருக்கட்டும்.

எங்க நகராட்சியில இருபத்தேழு வார்டு. பதினாலு கையெழுத்து வேணும். இருபத்தேழு வீட்டு வாசலும் ஏறினேன். பதிமூணு ஆம்பளைக் கவுன்சிலருங்க, பதினாலு பொம்பளைங்க. பொம்பளைன்னா வீட்டுக்காரரைத்தான் பாக்கணும், இல்லைன்னா மகனை, அண்ணனை. அவங்ககிட்டப் பேசினாத்தானே காரியம் நடக்கும்? ஊர் உலகத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஜெயக்கொடி வீட்டுக்காரர் முத்தரசு, பஜார்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு. கடை போர்டுலயே கவுன்சிலர் முத்தரசுன்னுதான் எழுதியிருக்கும். தேர்தல் போஸ்டர்ல அவர் படம் இவ்வளவு பெரிசு, அந்தம்மா படம் ஓரத்துல ஸ்டாம்ப் அளவு. நானே ஒட்டியிருக்கேன்.

மூணு மாசம் சார். காலையில செருப்பை மாட்டினா சாயங்காலம்தான் கழட்டுவேன். ஒருத்தர் சேர்மன் எங்க சொந்தம்பாரு. ஒருத்தர் எங்க கட்சி மேலிடத்தைக் கேக்கணும்பாரு. ஒருத்தர் என்னை வாசல்ல நிக்க வச்சுட்டுப் பின்வாசல் வழியா வண்டியெடுத்துப் போனாரு. நான் விடலை. உங்களை அங்க அனுப்பினது மாலை வாங்கவா, கேள்வி கேக்கவான்னு கேட்டேன். கேள்வி கேக்க வக்கில்லைன்னா எதுக்குய்யா ஓட்டுக் கேட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தேன்னு கேட்டேன். நாக்கு வறண்டு போகும். ஒவ்வொருத்தராப் பிடிச்சுப் பதிமூணு சேத்துட்டேன். எட்டு ஆம்பளைங்க, அஞ்சு பொம்பளைங்க.

பதினாலாவது எங்க வார்டு. அதுக்கென்ன, நம்ம முத்தரசுதானே. அவர் வீட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்? அந்தம்மா டீ கொண்டு வந்து வச்சுட்டு அடுப்படிக் கதவுக்கிட்ட நிக்கும். ஒரு தடவை கேட்டுச்சு, அண்ணே, அந்த நோட்டீஸை நான் ஒரு தடவை படிச்சுப் பாக்கட்டுமான்னு. முத்தரசு படிச்சுட்டாரும்மா, நீங்க சக்கரை கொஞ்சம் போட்டுக் கொண்டாங்கன்னேன். நல்ல நோட்டீஸ் சார் அது. நானே உக்காந்து எழுதினது. எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு, எத்தனாம் தேதி அரசாணை, அத்தனையும் அதுல இருந்துச்சு. ஒரு ஓட்டை கிடையாது.

கையெழுத்தை முத்தரசு கடையிலதான் போட்டாரு. சிமெண்ட் மூட்டை மேல தாளை வச்சு, ஜெ. ஜெயக்கொடின்னு, கீழ ஒரு கோடு இழுத்து, அழகாப் போட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். நாலு வருசமா வார்டு சர்டிபிகேட்டு எல்லாம் அவர்தான் அப்படிப் போட்டுக் குடுக்கறாரு, யாரும் ஒண்ணும் சொன்னதில்லை. அவர் போட்டா என்ன, அந்தம்மா போட்டா என்ன, ஒரே வீடுதானே? பதினாலு முடிஞ்சுதுன்னு அன்னிக்கு அரசி படத்துக்கு முன்னால போய்ச் சொன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு அந்தம்மா எங்க வீட்டுக்கு வந்துச்சு. என் வீட்டுக்காரியைப் பாக்க அடிக்கடி வரும். என்னைப் பாத்து, அண்ணே, கையெழுத்து எங்க போடணும், குடுங்க போடறேன்னுச்சு. அதெல்லாம் ஆச்சும்மான்னு சொல்லிட்டு நான் பேப்பர் படிக்கப் போயிட்டேன். கொஞ்ச நேரம் நின்னுச்சு போல. பாக்கும்போது ஆளில்லை.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். நோட்டீஸ் குடுத்தா அதிகாரி பதினாலு பேரையும் கூப்பிட்டு, இது நீங்க போட்ட கையெழுத்துதானான்னு ஒவ்வொருத்தராத் தனியா விசாரிப்பாரு. நாங்க அவர் ஆபீசுக்கு வேன் வச்சுப் போனோம். வாசல்ல போலீஸ். கவுன்சிலரைத் தவிர யாரும் உள்ள போகக் கூடாதுன்னாங்க. முத்தரசு, நான்தான் கவுன்சிலர்னு போகப் பாத்தாரு. பேப்பரைப் பாத்துட்டு, நீங்க கவுன்சிலர் வீட்டுக்காரர், வெளிய நில்லுங்கன்னு தள்ளிட்டாங்க. மனுசன் மூஞ்சி செத்துப் போச்சு. பதிமூணு பேரு போயிட்டு வந்தாங்க, என்னுதுதான்னு சொல்லிட்டு வந்தாங்க. கடைசியா ஜெயக்கொடி போச்சு.

கால் மணி நேரம் ஆச்சு. வெளிய வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுது. அது என் கையெழுத்து இல்லைன்னு சொல்லிட்டேன்னு. ஆனா எனக்குச் சம்மதம்தான், இப்பவே பேனா குடுங்க, போடறேன்னு அதிகாரிகிட்டக் கேட்டுச்சாம். குடுத்து முடிஞ்ச நோட்டீஸ்ல இனிமே போட முடியாதுன்னுட்டாரு அதிகாரி. பதிமூணுதான். செல்லாது. மறுபடி குடுக்கணும்னா ஆறு மாசம் கழிச்சுக் குடுங்கன்னுட்டாரு.

ஒரு வார்த்தை சார். ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா குலசேகரன் அன்னிக்கே முடிஞ்சான். அதிகாரி முன்னால நகராட்சி வருகைப் பதிவேடு விரிச்சு வச்சிருந்தாராம், அதுல அந்தம்மா கூட்டத்துக்குக் கூட்டம் தானே போட்ட கையெழுத்து இருந்துச்சாம். கோடெல்லாம் இல்லாம, குண்டு குண்டா. அது வேற விஷயம். சொல்லியிருக்கணுமா இல்லையா?

எனக்குக் கண்ணு தெரியலை. அந்த வாசல்லயே கத்தினேன். என் பொண்ணைக் கொன்னது குலசேகரன் மட்டும் இல்லை, நீயும்தான்னு கத்தினேன். போலீஸ்காரரு வந்து என்னைப் பிடிச்சாரு. அந்தம்மா அழலை, சண்டை போடலை. "என்கிட்ட யாருமே கேக்கலையேண்ணே"ன்னுச்சு. அவ்வளவுதான். வேன்ல ஏறாம டவுன் பஸ்ல போயிடுச்சு.

இது என்ன பதில், நீங்களே சொல்லுங்க. கேக்கலையாம். மூணு மாசம் நான் அந்த வீட்டுக்குப் போனது யாருக்காகவாம்? இன்னிக்கு வரைக்கும் நான் அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலை. என் வீட்டுக்காரி பேசறா. அவ ஒரு தடவை என்கிட்ட, நீங்க ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம்லன்னா. அன்னிக்கு நான் சாப்பிடலை.

என்னம்மா சிரிக்கறீங்க? சிரிக்கலையா? சரி. நூத்திப் பதினெட்டு கூப்பிடறாங்க.

ஆறு மாசம் போன வாரத்தோட முடிஞ்சுது. நான் திரும்பச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். பிரிவெல்லாம் சரி பாத்து, புதுசா ஒரு நோட்டீஸ் எழுதி வச்சுக்கிட்டு, யார் யார் வீட்டுக்காரரைப் பாக்கணும்னு லிஸ்ட் போட்டுட்டு இருந்தேன். துரோகம் பண்ண ஆளைப் பதவியில வச்சுக்கிட்டு எப்படிப் போறதுன்னு, ஜெயக்கொடி மேல இந்த மனுவையும் எழுதினேன். நேத்து மத்தியானம் அந்தம்மா எங்க வீட்டுக்கு வருது. நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். என் வீட்டுக்காரிகிட்ட ஒரு தாளைக் குடுத்து, நாளைக்குக் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டு வரச் சொல்லிட்டுப் போயிருக்கு.

நோட்டீஸ் சார். குலசேகரன் மேல நம்பிக்கை இல்லைன்னு. பதினாலு கையெழுத்து. பதினாலும் பொம்பளைங்க. எங்க ஊர்ல இருக்கற பதினாலு பேரும். சேர்மன் சொந்தக்காரர் வீட்டுப் பொம்பளை உட்பட. நான் மூணு மாசம் நாயா அலைஞ்சு பொம்பளைங்கள்ல அஞ்சு பேரைத்தான் சேத்தேன், இவங்க எங்க வச்சுச் சேத்தாங்க?

வளைகாப்புல. அங்கன்வாடியில சமுதாய வளைகாப்புன்னு நடத்துவாங்களே, இல்லாத வீட்டுப் புள்ளத்தாச்சிங்களை வரிசையா உக்கார வச்சு, வளையல் போட்டு, அஞ்சு வகை சாதம் போட்டு. அதுக்குப் பொம்பளைக் கவுன்சிலருங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. வீட்டுக்காரனுங்களுக்கு அங்க என்ன வேலை? கொண்டு வந்து விட்டுட்டு டீக்கடையில நின்னிருக்கானுங்க. முப்பது புள்ளத்தாச்சிங்க, கை நிறைய வளையலோட உக்காந்திருக்காங்க. அத்தனை பேரும் அதே குழாய்த் தண்ணிதான். ஜெயக்கொடி அங்க எந்திரிச்சு அரசியைப் பத்திப் பேசியிருக்கு. ஒம்பது நாளும் கூட இருந்து பாத்ததைச் சொல்லியிருக்கு. கடைசியில அவ என்ன கேட்டா, யாரைக் கேட்டான்னு எல்லாம். எங்கப்பா எங்கன்னு கேட்டாளாம். இது எனக்கே நேத்துத்தான் தெரியும் சார். என் வீட்டுக்காரி இவ்வளவு நாளா என்கிட்டச் சொல்லலை. அங்க பதினாலு பேரும் சந்தனக் கிண்ணத்தைத் தள்ளி வச்சுட்டு, அந்த மேசையிலயே கையெழுத்துப் போட்டிருக்காங்க. தாள்ல ஒரு ஓரத்துல சந்தனம் கூட இருக்கு.

இன்னிக்கு அதைக் கலெக்டர்கிட்ட நேர்ல குடுக்க வர்றாங்களாம், பன்னெண்டு மணிக்கு. வீட்ல சொன்னா, அவங்க குடுக்கற அன்னிக்கே நீங்க அவ மேல மனு குடுக்காதீங்க, வீட்டோட இருங்கன்னு. போவேன்னு அந்தத் தாளையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பி வந்துட்டேன். ஏன்னா கோவம் சார். பெத்தவன் நான். இந்தச் சண்டையை ஆரம்பிச்சவன் நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? நான் உள்ளதான் இருந்தேன், கதவைத் தட்டி, அண்ணே, இப்படி ஒண்ணு செய்யறோம்னு சொல்லக் கூடாதா? என் பொண்ணு பேரைப் போட்டு எழுதறாங்க, பெத்தவனைக் கேக்க வேண்டாமா?

ஆமா, பேரைப் போட்டிருக்காங்க. என் நோட்டீஸ்ல அவ பேரே கிடையாது. பிரிவு, உட்பிரிவு, அரசாணைதான். அந்தம்மா எழுதினதுல முதல் வரியே அவ பேருதான். நேத்துலேர்ந்து அந்த முதல் வரியைத் தாண்டி என்னால போக முடியலை. எடுக்கறேன், பேரைப் பாக்கறேன், மடிச்சு வச்சுடறேன். இந்தாங்க சார், நீங்க படிச்சுச் சொல்லுங்க. கண்ணாடி கொண்டு வரலையா? அப்ப... அம்மா, நீங்க படிங்க. பரவாயில்லை, சத்தமாவே படிங்க. எனக்குக் கேக்கணும்.

இருங்க. அதைத் திரும்பப் படிங்க. "எங்கள் ஏழாவது வார்டில், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, குழாய்த் தண்ணீரால் இறந்துபோன மங்கையர்க்கரசி, வயது இருபத்தாறு." அப்படியா இருக்கு? இருபத்தாறுன்னா?

தப்பும்மா. இருபத்தஞ்சு. மாசி பொறந்தாத்தான் இருபத்தாறு. மாசிக்கு இன்னும் நாப்பது நாள் இருந்துச்சு. இவ சொல்லியிருப்பா, என் வீட்டுக்காரி. உங்க பொண்ணுக்கு என்ன வயசுன்னு ஜெயக்கொடி கேட்டிருக்கும், இவ வழக்கம்போல இருபத்தாறு நடக்குதுன்னு சொல்லியிருப்பா. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க, நடக்கற வயசைத்தான். இருபத்தாறு நடந்துச்சும்மா, முடியலையே.

பாத்தீங்களா, இதுக்குத்தான் சொல்றேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்னு. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல. அவளைப் பத்தி யாராவது என்கிட்ட ஏதாவது கேட்டா நான் சொல்ல மாட்டேனா?

இல்லம்மா, ஒண்ணுமில்லை. தண்ணி வேண்டாம். பாட்டிலை அந்தப் பக்கம் வைங்க.

நூத்தி நாப்பத்தொண்ணா? என்னைத்தான் கூப்பிடறாங்க. கூப்பிடட்டும் சார், நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. அந்தத் தாளைக் குடுத்துட்டுப் போங்க. பேனா இருக்கு என்கிட்ட, ஆனா நானாத் திருத்தக் கூடாது. கையெழுத்துப் போட்ட தாள்ல வேற ஆளு கை பட்டா இதுவும் செல்லாமப் போயிடும். நான் பட்டது போதும். அதோ கேட்டுக்கிட்ட ஆட்டோவுல வந்து இறங்கறாங்க பாருங்க, முன்னால வர்றதுதான் ஜெயக்கொடி. நான் போய் அந்தம்மாகிட்டக் கேக்கறேன், திருத்தலாமான்னு.